பேனைப் பெருமாளாக்கிய கதை!

'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் போன ஜூலை மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அது நிஜமாகவே நடந்தது. ஈர் இருந்தது என் மகள் தலையில். அதைப் பேனாக்கியது ஸ்கூல். பெருமாளாக்கியது... வேறு யார், அடியேன்தான்!

கல்யாணமாகாத வாசகர்களே, 'இது பொம்பளைங்க சமாசாரம்' என்று அவசரமாக அடுத்த பக்கத்துக்கு ஓடாதீர்கள். லீவுக்கு வந்த அக்கா குழந்தை 'மாமா' என்று ஆசையாகக் கூப்பிட்டு, உங்கள் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து செல்போனில் கார்ட்டூன் பார்த்தால் போதும். முடிந்தது ஜோலி! திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் எதிரில் சொரிந்துகொண்டு நிற்பீர்கள்.

நான் பி.காம். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டிலும் பிழை வரும். ஆபீஸ் கணக்கில் வரும் பிழையை ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பேன் கணக்கில் நான் செய்த பிழையைக் கண்டுபிடித்தது எட்டு வயசுப் பெண். அந்தக் கதைதான் இது.

எந்த ஃபேன்?

ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். தலைக்கு மேல் வேலை. போன் அடித்தது. வீட்டுக்காரி.

"ஏங்க, கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வாங்க."

"என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"அத்தை நல்லாத்தான் இருக்காங்க. பாப்பா டைரியில மிஸ் எழுதி அனுப்பியிருக்காங்க."

"ஃபீஸ்தான் கட்டியாச்சே!"

"ஃபீஸ் இல்லீங்க... பேன்!"

நான் அண்ணாந்து பார்த்தேன். என் ஸீட்டுக்கு மேலே நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்த ஃபேன்?"

"ஐயோ... தலையில ஊருமே, அந்தப் பேன்!"

சாயங்காலம் போய் டைரியைப் பார்த்தேன். உங்கள் மகள் தலையில் பேன் காணப்படுகிறது, முழுவதும் நீங்கிய பிறகே பள்ளிக்கு அனுப்பவும் என்று இங்கிலீஷில், சிவப்பு மையில், கீழே இரண்டு கோடு வேறு. கொலைக் கேஸில்கூட இப்படிக் கோடு போட மாட்டார்கள். பாப்பா மூலையில் உட்கார்ந்து தலையைச் சொரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் எந்தப் பிரச்னை வந்தாலும் 'என்ன பண்ணலாம்' என்று கேட்பதற்கு முன்னால் 'யாரால வந்தது' என்று கேட்பது வழக்கம். (எங்கள் ஆபீஸிலும் அப்படியே.) அதற்குள் கிளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்பில் விஷயம் ஓட ஆரம்பித்திருந்தது. 'சில குழந்தைகள் வீட்டில் சுத்தம் பார்ப்பதில்லை. அவர்களால் எல்லாருக்கும் கஷ்டம்' என்று ஒரு அம்மா போட்டிருந்தார். வரிசையாகக் கட்டை விரல்கள். யார் பேரையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பாப்பாவின் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற பெண், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவிகித இடத்தில் சேர்ந்தவள். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிநேகம்.

நான் நல்லவன், ஸார். க்ரூப்பில் எதுவும் எழுதவில்லை. தனியாக மிஸ்ஸுக்கு ஒரு போன் போட்டேன். "மேடம், தப்பா நெனைச்சுக்காதீங்க. பாப்பா பக்கத்துல இருக்கற பொண்ணை மட்டும் கொஞ்சம் வேற இடத்துல உக்கார வெச்சா நல்லாயிருக்கும்..." என்று ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னேன். "ஓ.கே. ஸார்" என்றார் மிஸ். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிரச்னையை நாசூக்காகத் தீர்த்துவிட்டதாக எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

இந்த அரை நிமிஷத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

நம் நாட்டில் டாக்டருக்குப் படிக்காதவர்கள் என்று யாருமே கிடையாது. அம்மா வேப்பெண்ணெய் என்றாள். மாடி வீட்டு மாமா, "மண்ணெண்ணெயைத் தடவி ஒரு துணியைக் கட்டி வெச்சிடு. காலையில ஒண்ணு இருக்காது" என்றார். (அடுப்பங்கரைப் பக்கம் போனால் பாப்பாவும் இருக்க மாட்டாள் என்பதை அவர் சொல்லவில்லை.) ஆபீஸ் சூப்பிரண்டு, "அந்தக் காலத்துல டி.டி.டி. பவுடரையே தலையில கொட்டுவாங்கய்யா" என்று பெருமூச்சு விட்டார். செல்போனில் தேடியதில் ஒரு அம்மையார் சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, வீட்டுக்காரி இந்த நால்வர் அணியை ஒதுக்கிவிட்டு, குழந்தைகள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் தலையைப் பிரித்துப் பார்த்தார். "எத்தனை நாளா சொரியறா?"

"ஒரு வாரமா டாக்டர்."

"அப்ப பேன் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகியிருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பேன் கடிப்பதால் அரிப்பதில்லை. கடிக்கும்போது அதன் எச்சில் நம் தோலில் இறங்குகிறது. அது நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுதான் அரிப்பு. முதல் தடவை பேன் வருகிறவர்களுக்கு அந்த ஒவ்வாமை உண்டாகவே நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பேன் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும்.

எங்கள் பாஷையில் சொன்னால், கையாடல் நடந்தது மே மாதம். ஆடிட்டில் அகப்பட்டது ஜூலை மாதம்!

"பறந்து வந்து ஒட்டிக்குமா டாக்டர்?" இது வீட்டுக்காரி.

"இறக்கையே கிடையாதே! தத்தவும் தெரியாது. நடக்கத்தான் தெரியும். தலையும் தலையும் ஒட்டினா இந்த முடியிலேர்ந்து அந்த முடிக்கு மாறும். சீப்பு, தலையணை, துண்டு மூலமா வரலாம். ஆனா அது குறைச்சல்தான்."

பேனின் வேகம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் 23 சென்டிமீட்டர். ஸ்கூல் ஸ்கேலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஒரு நிமிஷத்துக்கும் மேல். சாயங்காலம் ஆறு மணிக்கு கிண்டி தாண்டுகிறவர்களுக்கு இந்த வேகம் பழக்கமானதுதான்.

பேன் வீட்டுப் பாலன்ஸ் ஷீட்

பேன் எள்ளு சைஸ். 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு கால், ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி. பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முட்டை வரை இடும். அந்த முட்டைதான் ஈர். முடியின் அடியில், மண்டைத் தோலை ஒட்டினாற்போல, ஒரு பசையைப் போட்டு ஒட்டிவைக்கும். நம் கம்பெனிகள் விற்கும் எந்தப் பசையும் கிட்டே நிற்க முடியாது. தலைக்குக் குளித்தாலும் போகாது.

ஈர் பொரிய ஒரு வாரம் முதல் பத்து நாள். பொரிந்த குஞ்சு பெரிசாகி முட்டையிட இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். ஆக, மூன்று வாரத்தில் பேத்தி எடுத்துவிடுகிறது. வளர்ந்த பேன் தலையில் சுமார் ஒரு மாசம் இருக்கும். தலையை விட்டுக் கீழே விழுந்தால் சாப்பாடு இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் காலி. எந்த வங்கியும் இந்த வட்டி தராது!

எனக்குப் பிடித்த தகவல் இன்னொன்று. நம் முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால் மண்டையிலிருந்து ரொம்பத் தள்ளி, முடி நடுவில் ஒட்டியிருக்கிற ஈர் எல்லாம் எப்போதோ பொரிந்துபோன வெறும் கூடு. குளோஸ் பண்ணின அக்கவுன்ட். அதைப் பார்த்து அலற வேண்டியதில்லை.

"டாக்டர், நாங்க தினமும் ஷாம்பு போடறோம். வீடு சுத்தமாத்தான் இருக்கும்..." என்று வீட்டுக்காரி குரல் கம்மிச் சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். "ஷாம்பு போட்ட தலையா, போடாத தலையான்னு பேன் பார்க்கறதில்லம்மா. அதுக்கு வேணுங்கறது அழுக்கு இல்ல, ரத்தம். அது எல்லார்கிட்டயும் இருக்கு."

"வியாதி ஏதாவது..."

"தலைப் பேன் எந்த வியாதியையும் பரப்பறதில்ல. சொரிஞ்சு சொரிஞ்சு புண்ணாக்கிக்கிட்டா அதுல சீழ் பிடிக்கும், கழுத்துல நெறி கட்டும். ராத்திரி தூக்கம் கெடும். அவ்வளவுதான். பயமுறுத்தறது உடம்புப் பேன். அது துணி மடிப்புல இருக்கும். வேற ரகம்."

(வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். டைஃபஸ் என்கிற கொடிய காய்ச்சலைப் பரப்புவது உடம்புப் பேன்தான் என்று 1909-ல் கண்டுபிடித்தவர் சார்லஸ் நிகோல் என்ற பிரெஞ்சு டாக்டர். அதற்கு 1928-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியைப் பிடித்து உள்ளே போடுகிற கதையாக, நாம் தலைப் பேனைப் பார்த்து நடுங்குகிறோம்.)

கடைசியாக நான் கேட்டேன். "எத்தனை நாளைக்கு டாக்டர் ஸ்கூலுக்கு அனுப்பக் கூடாது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்கு நிறுத்தணும்? ஒரு மாசமா இதே தலையோடதானே ஸார் போயிட்டு வந்துட்டிருக்கா? இன்னிக்கு மருந்து போடுங்க. நாளைக்கு அனுப்புங்க."

இது அவர் சொந்த அபிப்பிராயம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: பேனுக்காகவோ ஈருக்காகவோ ஆரோக்கியமான எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நிறுத்தக் கூடாது. பிரிட்டனில் அரசாங்க மருத்துவத் துறையும் அதே கட்சி.

ஸ்டாக் வெரிஃபிகேஷன்

கிளம்பும்போது டாக்டர் ஒரு குண்டு போட்டார். "வீட்ல எல்லார் தலையையும் பாருங்க. ஒருத்தரை விட்டாலும் திரும்ப வந்துடும்."

அன்று ராத்திரி ஹால் லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துண்டை விரித்து, ஒவ்வொரு தலையாக வாரினோம். அம்மா - உண்டு. வீட்டுக்காரி - உண்டு. பாப்பா - சொல்ல வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு முடியே கம்மி. எனக்கெல்லாம் எங்க..." என்றேன்.

துண்டில் இரண்டு விழுந்தது. ஒன்று நல்ல வாட்டசாட்டம்.

"அப்பாவுக்கும்! அப்பாவுக்கும்!" என்று பாப்பா கைதட்டிக் குதித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஆபீஸில் உண்மையைச் சொன்னேன். சூப்பிரண்டு நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டார். "நிமிஷத்துக்கு 23 சென்டிமீட்டர்தான் ஸார். உங்ககிட்ட வர்றதுக்கு மூணு நிமிஷமாவது ஆகும்" என்றேன். அவர் ரசிக்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த லோஷனை எல்லாரும் போட்டுக்கொண்டோம். அது உயிரோடு இருக்கும் பேனைத்தான் கொல்லும். ஈரை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அதனால் ஈர் பொரிந்து, குஞ்சு பெரிசாகி முட்டையிடுவதற்கு முன்னால் ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு தடவை போட வேண்டும். நிறையப் பேர் முதல் தடவையோடு நிறுத்திவிட்டு, 'மருந்து வேலை செய்யல' என்கிறார்கள். ஒரு தவணை கட்டிவிட்டு லோன் முடிந்தது என்று சொல்கிற மாதிரி.

மிச்சத்துக்கு இருக்கவே இருக்கிறது, பேன் சீப்பு.

திண்ணை ரயில்

சீப்புப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அம்மாவுக்குக் கண் தெரியாது. வீட்டுக்காரிக்குப் பொறுமை கிடையாது. கணக்கு எழுதுகிறவனுக்கு இரண்டும் வேண்டுமே! தலையை அலசி, கண்டிஷனர் போட்டு, ஈரம் காயாமல், வேரிலிருந்து நுனி வரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். நீள முடி என்றால் அரை மணி நேரம்.

எங்கள் ஊரில் இதைத் திண்ணையில் செய்வார்கள். கும்பகோணம் பக்கம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாட்டி முன்னால் அத்தை, அத்தை முன்னால் சித்தி, சித்தி முன்னால் ஏதாவது ஒரு குட்டிப் பெண் என்று ரயில் பெட்டி மாதிரி உட்காருவார்கள். ஈருளியும் சீப்புமாக, ஊர் வம்பும் பேனும் சேர்ந்து விழும். இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம். பேன் இருந்தது என்று யாரும் வெட்கப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தலை என்று ஒன்று இருந்தால் பேன் இருக்கும், பேன் இருந்தால் எடுக்க ஒரு ஆள் இருக்கும். அவ்வளவுதான்.

வெட்கம் எல்லாம் அப்புறம் வந்தது. ஏழைக்குத்தான் பேன் என்பதும் அப்புறம் வந்ததுதான். இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது 2016-ல் ஒரு குட்டிச் சீப்பு கிடைத்தது. வயசு சுமார் 3,700 வருஷம். ஒரு பக்கம் சிக்கெடுக்கப் பெரிய பல், இன்னொரு பக்கம் பேன் எடுக்கச் சின்னப் பல். நம் கடைச் சீப்பேதான். அதில் ஏதோ கீறியிருக்கிறது என்று அப்புறம்தான் கவனித்து, 2022-ல் படித்துச் சொன்னார்கள். தலைமுடியிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்கிற அர்த்தத்தில் ஒரு வேண்டுதல்! அந்த ஊர் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியமே அதுதானாம். சீப்பின் பற்களில் பேனின் மிச்சமும் இருந்தது.

கவனியுங்கள்... சீப்பு யானைத் தந்தம். அந்த ஊரில் யானை கிடையாது. வெளியிலிருந்து வரவழைத்தது. ஆக, அது ஒரு பணக்காரர் வீட்டுச் சீப்பு!

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் இரண்டாவது தடவை மருந்து போட்டு வாரிக்கொண்டிருந்தேன். பாப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் பார்க்காமல் உட்கார்ந்தால் குழந்தைகள் நிறையப் பேசுகின்றன என்பது இந்தப் பேன் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

"அப்பா, அவளை மிஸ் கடைசி பெஞ்சுல தனியா உக்கார வெச்சுட்டாங்க."

"யாரை?"

"அவளைத்தான். லஞ்ச்ல யாருமே அவகூட சாப்பிடல. அப்புறம் அவ மொட்டை அடிச்சுட்டு வந்தா. பசங்கள்லாம் தலையைத் தட்டிட்டு ஓடினாங்க. அதுக்கப்புறம் வரவேயில்ல."

சீப்பு நின்றுவிட்டது.

"அப்பா... நீதானே மிஸ்ஸுக்கு போன் பண்ணினே?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடியது. மே மாதக் கடைசியில் ஊரில் கல்யாணம். ஆறு குட்டிப் பெண்கள் ஒரே ஜமுக்காளத்தில் தலையோடு தலை வைத்துத் தூங்கினார்கள். ஜூன் மாதம் ஸ்கூல் திறந்தது. ஜூலையில் பாப்பாவுக்கு அரிக்க ஆரம்பித்தது. நாலிலிருந்து ஆறு வாரம் என்றார் டாக்டர். கழித்துப் பார்த்தால் எங்கே போய் நிற்கிறது? கல்யாண மண்டபத்தில். ஜூன் மாதம் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தில் தலையை ஒட்டி வைத்துப் படித்தவள் அந்தப் பெண்.

பேன் கணக்கில் வவுச்சர் கிடையாது. நிரூபிக்க முடியாது. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு ஒரு பக்கம்தான் சாய்கிறது. அவள் எங்களுக்குக் கொடுக்கவில்லை. நாங்கள்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இஸ்திரி வண்டி

மறுநாள் காலை துணி கொடுக்கிற சாக்கில் போனேன். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அந்தப் பெண். தலையில் ஒரு குல்லா. கைக்குட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டாள். வண்டியின் ஆணியில் அவளுடைய யூனிஃபார்ம், தேய்த்து மடிப்புக் கலையாமல் தொங்கியது. கிளாஸிலேயே கசங்காத யூனிஃபார்ம் அவளுடையதுதான் என்று பாப்பா சொல்வாள். வாட்ஸ்அப்பில் சுத்தத்தைப் பற்றிப் பேசினவர்கள் வீட்டுத் துணியும் இந்த வண்டிக்குத்தான் வருகிறது.

"வாங்க ஸார். எத்தனை உருப்படி?"

சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "பாப்பாவுக்கு... மொட்டை எதுக்குப்பா?"

"ஸ்கூல்ல சொன்னாங்க ஸார். ரெண்டு மூணு பேன்தான் இருந்துச்சு. எல்லாரும் ஒதுக்கறாங்கன்னு பொண்ணு அழுதுச்சு. ஒரேயடியா எடுத்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனைச்சேன்."

நான் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் போனது, டாக்டர் சொன்ன கணக்கு, எங்கள் வீட்டில் நாலு பேர் தலையிலும் இருந்தது, நான் போன் பண்ணினது, எல்லாம். அவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இடுப்பு வரைக்கும் முடி ஸார் அதுக்கு. அவங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடல" என்றார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா எடுத்திருக்க மாட்டேன் ஸார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஸ்கூலுக்கு..."

"போக மாட்டேங்குது ஸார்."

மறுநாள் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஸ்கூலுக்குப் போனோம். அச்செடுத்துக்கொண்டு போன காகிதங்களைக் காட்டி, பேனுக்காகக் குழந்தையைத் தனியாக உட்கார வைப்பது தப்பு என்று வீராவேசமாக ஆரம்பித்தேன். மிஸ் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்தார்.

"நீங்கதானே ஸார் மாத்தச் சொன்னீங்க?"

வாஸ்தவம்தான். அதையும் ஒப்புக்கொண்டேன். பிரின்ஸிபால் அம்மா காகிதங்களை நிதானமாகப் படித்தார். இனிமேல் தனிக் குழந்தைக்குச் சிவப்பு மையில் எழுதுவதில்லை; பேன் தென்பட்டால் கிளாஸில் எல்லார் வீட்டுக்கும், யார் பேரும் போடாமல், 'இந்த வாரம் குழந்தைகள் தலையைப் பாருங்கள்' என்று ஒரே சீட்டாக அனுப்புவது என்று முடிவானது. அந்தப் பெண்ணுக்குப் பழைய பெஞ்ச்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப் க்ரூப்பில் எழுதினேன்: 'பேன் வந்தது அநேகமாக எங்கள் வீட்டிலிருந்துதான். என்னையும் சேர்த்து நாலு பேருக்கு இருந்தது. மருந்து போட்டுவிட்டோம். உங்கள் வீட்டிலும் பார்த்துவிடுங்கள்.' பத்து நிமிஷம் க்ரூப்பில் மயான அமைதி. பிறகு தனிச் செய்திகள் வர ஆரம்பித்தன. 'ஸார், எங்க வீட்லயும்... என்ன லோஷன்?' தூங்கப் போவதற்குள் ஏழு! அதில் ஒருவர், சுத்தத்தைப் பற்றி முதலில் எழுதிய அதே அம்மா.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்

* மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு சதவிகித பெர்மெத்ரின் லோஷன் பொதுவாகக் கொடுப்பது. குழந்தைக்கு என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எவ்வளவு நேரம் என்பதை அட்டையில் பார்த்து அப்படியே செய்யுங்கள். சுமார் ஒன்பதாம் நாள் இரண்டாவது தடவை. அப்புறமும் பேன் நடமாடினால் வேறு மருந்து இருக்கிறது, டாக்டர் சொல்வார்.

* மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குச் சீப்பு வைத்தியம். பிரிட்டன் மருத்துவத் துறை சொல்லும் கணக்கு: 1, 5, 9, 13-ம் நாட்களில் ஈரத் தலையில் கண்டிஷனர் போட்டு வாருங்கள். 17-ம் நாள் சரி பாருங்கள்.

* வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். அப்பா தலை உட்பட!

* கடைசி இரண்டு நாளில் உபயோகித்த தலையணை உறை, துண்டு இவற்றை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சீப்பைச் சூடான நீரில் பத்து நிமிஷம் ஊற வையுங்கள். அது போதும். வீட்டுக்கு மருந்தடிக்க வேண்டாம்.

* மண்ணெண்ணெய் கூடவே கூடாது. தீப்பிடிக்கும், தோல் வெந்துபோகும். கரப்பான் மருந்து, எறும்புப் பொடி இவை விஷம். சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணில் விழுந்தால் கருவிழி புண்ணாகும். அப்படி வந்தவர்களைக் கண் டாக்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

* மொட்டை அடித்தால் பேன் போகும், வாஸ்தவம். ஆனால் ஒரு சீப்பு செய்கிற வேலைக்குக் கத்தி எதற்கு?

கடைசியாக ஒரு கணக்கு

பேனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த நஷ்டம்: கொஞ்சம் அரிப்பு. டாக்டர் எழுதித் தரும் ஒரு லோஷனும் ஒரு சீப்பும் போதும், இரண்டே வாரத்தில் நேராகிவிடும்.

என்னால் நேர்ந்த நஷ்டத்தைத் தனியாக எழுதிப் பார்த்தேன். இடுப்பு வரை முடி என்றால் எப்படியும் 50 சென்டிமீட்டர். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் 50 மாசம். நாலு வருஷத்துக்கும் மேல். அவள் ஏழாவது முடிக்கும்போது அந்த முடி திரும்பி வந்திருக்கும். என்னுடைய அரை நிமிஷ போனின் விலை அது. இதற்கு எந்தத் தலைப்பிலும் தள்ளுபடி கிடையாது.

போன வாரம் பாப்பாவைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிருந்தோம். கேட்டுக்குள் வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஏதோ புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ரெட்டை ஜடை, இன்னொன்று பையன் மாதிரி கிராப். ஒரே புத்தகம் என்பதால் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, தலையைப் பாருங்க. மறுபடியும் ஒட்டிக்கிட்டு..." என்றாள் வீட்டுக்காரி.

"ஒட்டட்டும் விடு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு நானே வாரி விடறேன்" என்றேன்.